மூலிகை ஹைட்ரோஜெல் டிரெஸ்ஸிங்: ஜெல்லின் வேலை எது, மூலிகையின் வேலை எது?

மும்பை தாராவியில் இட்லி அவித்து விற்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெண் கேட்டிருக்கிறார். ஆவி பட்டு அவருடைய முன்கை அடிக்கடி வெந்துபோகிறது. மாமியாருக்குப் பல வருடமாகச் சர்க்கரை நோய். குதிகால் ஓரத்தில் வந்த புண் வாரக்கணக்கில் ஆறாமல் இருக்கிறது. மருந்துக்கடைக்காரர் ஒரு ஜெல் தாளைக் காட்டி, "மஞ்சள், வல்லாரை, கற்றாழை எல்லாம் ஏற்றியது, மூலிகை என்பதால் பக்கவிளைவே கிடையாது, இரண்டு பேருக்கும் போடலாம்" என்கிறார். வாங்கலாமா? அதைவிட வீட்டுத் தொட்டியில் வளரும் கற்றாழையை வழித்துப் பூசினால் என்ன?

முதலில் நேரடியான பதில். உங்கள் கைக்கு ஜெல் தாள் நல்லது. அதில் மூலிகை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. மாமியாரின் காலுக்கு எந்த ஜெல்லையும் வாங்குவதற்கு முன்பு மருத்துவரிடம் காலைக் காட்ட வேண்டும். நான் மருத்துவன் அல்லன். செம்பூரில் குடியிருக்கிறேன், மருந்தாக்கவியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆகவே மருந்தை எதில் ஏற்றுகிறார்கள், ஏற்றியது எப்படி வெளியே வருகிறது, வராமல் எப்படிச் சிக்கிக்கொள்கிறது என்பதைப் பற்றி என்னால் விரிவாகச் சொல்ல முடியும்.

ஹைட்ரோஜெல் என்றால் புதுமையான ஏதோ ஒன்று என்று நினைக்க வேண்டாம். ரம்ஜான் மாதத்தில் கடற்பாசி காய்ச்சித் தட்டில் ஊற்றி, உறைந்ததும் வில்லை போடுகிறார்களே, அதுவும் ஹைட்ரோஜெல்தான். நீரோடு ஒட்டிக்கொள்ளும் நீண்ட பாலிமர் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டால் அவற்றால் கரைய முடியாது. நீரைக் குடித்து உப்பிக்கொண்டு அப்படியே நிற்கும். காயத்துக்குப் போடும் ஜெல் தாளின் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். பாலிமர் பலவகை: கடல்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட், இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசன், ஜெலட்டின், செயற்கையான பாலிவினைல் ஆல்கஹால் எனப் பட்டியல் நீளும். ஆல்ஜினேட்டுக்குக் கால்சியம் காட்டினால் போதும், உடனே உறையும். பாலிவினைல் ஆல்கஹாலை உறைய வைத்து உருக்கி, மீண்டும் உறைய வைத்து உருக்கினாலே ஜெல்லாகிவிடும். கைட்டோசன் நேர்மின்னேற்றம் கொண்டது என்பதால் இரத்தம் உறைய உதவும், சில பாக்டீரியாக்களையும் அடக்கும். ஆக, மூலிகை சேர்ப்பதற்கு முன்பே வெறும் ஜெல்லுக்கும் சில குணங்கள் உண்டு. கேள்வியின் முடிச்சே இதில்தான் இருக்கிறது.

புண் உலர்ந்து பொருக்குத் தட்டினால்தான் ஆறும் என்று நம் வீடுகளில் இன்றும் சொல்வார்கள். மருத்துவர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினார்கள். 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் பன்றிகளின் தோலில் மேலோட்டமான காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றாட விட்டார். சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடினார். மூடிய காயங்களின் மேல் புதிய தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. காரணம் எளிது. காயத்தின் விளிம்பிலிருந்து தோல் செல்கள் ஊர்ந்து வந்துதான் நடுப்பகுதியை மூட வேண்டும். ஈரப்பரப்பில் அவை நேராக ஊர்ந்துவிடும். பொருக்கு இருந்தால் அதன் அடியில் ஈரம் இருக்கும் ஆழம்வரை இறங்கிக் குடைந்துகொண்டு போக வேண்டும். விண்டர் பூசிய மூலிகை ஏதுமில்லை. வெறும் பாலித்தீன்.

இதே பாடத்தை மும்பையும் தன் வழியில் கற்றது. பரேலில் உள்ள வாடியா குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டர் எம். எச். கேஸ்வானி, வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைக் காஸ் என்னும் மெல்லிய வலைத்துணியில் வரிசையாக ஒட்டி, கிருமி நீக்கி, தீக்காயங்களுக்குக் கட்டுப் போட்டார். 1985-இல் அதைப் பற்றி ஆய்விதழில் எழுதினார். பின்னர் சயான் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர்கள் வாழையிலையை உருளைத் தோலோடு ஒப்பிட்டு 2003-இல் எழுதினார்கள். இரண்டும் ஒரே தரத்தில் வேலை செய்தன. வாழையிலை மலிவு, தயாரிப்பதும் எளிது. உருளைத் தோலிலோ வாழையிலையிலோ புண்ணாற்றும் அற்புத ரசாயனம் இருக்கிறதா என்று யாரும் தேடி அலையவில்லை. புண்ணில் ஒட்டிக்கொள்ளவில்லை, ஈரத்தைக் காத்தது, கட்டு மாற்றும்போது குழந்தை அலறவில்லை. அதுதான் பலன். விலை உயர்ந்த ஜெல் தாள் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான். கூடுதலாகக் குளிர்ச்சி தரும், கசிவை உறிஞ்சும், ஊடே பார்க்கவும் முடியும்.

ஊடே பார்ப்பது சிறிய வசதி அல்ல. இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறக்கும்போது முன்கையின் உட்புறம் ஆவியடித்துச் சிவந்து, மெல்லிய கொப்புளம் எழும்பி உடைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் காஸ் துணி வைத்தால் மறுநாள் அது கசிவோடு காய்ந்து ஒட்டியிருக்கும். பிரிக்கும்போது புதிதாக வளர்ந்த தோலும் கூடவே பிய்ந்து வரும். ஜெல் தாளின் மேல் படலத்தை உரித்து வைத்தால் வைத்த நொடியில் எரிச்சல் தணிகிறது. நரம்பு நுனிகள் ஈரமாக இருப்பதாலும், ஜெல்லின் நீர் வெப்பத்தை வாங்கிக்கொள்வதாலும் கிடைக்கும் ஆறுதல் அது. அடுத்த நாள் பார்த்தால் காயத்துக்கு நேர் மேலே இருக்கும் பகுதி மட்டும் சற்று உப்பி மங்கலாகியிருக்கும். கசிவை வாங்கியதன் அடையாளம். அதன் வழியே இளஞ்சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்று நிறம் பார்க்கலாம். எடுக்கும்போது முழுதாக, வலியில்லாமல் வந்துவிடும்.

இந்தத் தாள்களை உருவாக்கும் வேலையில் நம் ஊருக்கு ஒரு பங்கு உண்டு. ட்ராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் பாலிவினைல் ஆல்கஹாலைக் கதிர்வீச்சால் பிணைத்து ஹைட்ரோஜெல் டிரெஸ்ஸிங்கை உருவாக்கி, தயாரிப்பு முறையைத் தனியார் நிறுவனங்களுக்கு வழங்கியிருக்கிறது. கதிர்வீச்சால் ஜெல் டிரெஸ்ஸிங் செய்யும் முறையை 1980-களில் போலந்தின் யானுஷ் ரோசியாக் நிலைநிறுத்தினார். அதன் அழகு என்னவென்றால், கரைசலைத் தட்டில் ஊற்றி உறையிலிட்டு முத்திரை வைத்த பிறகு கதிர் பாய்ச்சுகிறார்கள். பாலிமர் சங்கிலிகள் பிணைவதும் கிருமிகள் சாவதும் ஒரே நேரத்தில் முடிந்துவிடும். ரசாயனப் பிணைப்பான் எதுவும் மிச்சம் இருக்காது. மருத்துவப் பொருட்களின் கிருமி நீக்கத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் கதிரளவு 25 கிலோகிரே. ட்ராம்பேயில் ஐசோமெட் என்ற காமா கதிர் நிலையம் 1974-லேயே தொடங்கிவிட்டது.

இனி மூலிகைக்கு வருவோம். மஞ்சளில் குர்குமின், வல்லாரையில் ஏசியாட்டிகோசைடு, மடகாசோசைடு, கற்றாழைச் சோற்றில் அசிமன்னன் என்னும் கூட்டுச் சர்க்கரை. இவை கற்பனையல்ல. குர்குமின் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளை அடக்குகிறது. வல்லாரையின் சத்துகள் தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தைச் சுரக்கத் தூண்டுகின்றன. சோதனைக்கூடத் தட்டில் இவை வேலை செய்வதை நானே மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். ஆனால் தட்டில் வேலை செய்யும் பொருள் புண்ணில் வேலை செய்ய வேண்டுமானால், போதுமான அளவில், கெடாமல், சரியான நாளில் அங்கே போய்ச் சேர வேண்டும். ஜெல்லில் ஏற்றுவதன் நோக்கமே அதுதான். சிக்கல் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

மஞ்சளை எடுத்துக்கொள்வோம். கிழங்கில் குர்குமின் வகைகள் 2 முதல் 5 சதவீதம் வரைதான். அதுவும் தண்ணீரில் கரைவதில்லை. ஜெல்லோ பெரும்பாலும் தண்ணீர். அப்படியே கலந்தால் துகள் துகளாக அடியில் தங்கும். எப்படியோ கரைத்துவிட்டாலும், உடல் வெப்பத்தில், காரகாடித்தன்மை (pH) 7.2-இல் நிலையாக வைக்கப்பட்ட வெறும் பஃபர் கரைசலில் அரைமணி நேரத்துக்குள் ஏறத்தாழ 90 சதவீதம் சிதைந்துவிடுவதாக 1997-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. நாள்பட்ட புண்ணோ பெரும்பாலும் அதைவிடக் காரத்தன்மை உடையது. வெளிச்சமும் குர்குமினுக்கு ஆகாது. ஆகவேதான் ஆய்வாளர்கள் அதைச் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற சர்க்கரை வளையக் கூட்டுக்குள்ளோ, கொழுப்பு நுண்குமிழ்களுக்குள்ளோ, நானோ துகள்களுக்குள்ளோ அடைத்து, பிறகு ஜெல்லில் கலக்கிறார்கள். இதைச் செய்திருக்கிறோம் என்று சொல்லாத மஞ்சள் ஜெல், நிறத்தைத் தவிர வேறு எதையாவது தருகிறதா என்று சந்தேகிப்பேன். அந்த நிறமே ஒரு தொல்லை. புண்ணின் மேல் மஞ்சள் சவ்வு படிகிறதா, சீழ் வைக்கிறதா என்று நிறம் பார்த்துத்தான் நர்ஸ் சொல்கிறார். எல்லாவற்றையும் மஞ்சளாக்கிவிட்டால் அவர் எதைப் பார்ப்பார்?

கடுக்காய் வேறு வகைச் சிக்கல். தாராவியில் தோல் பதனிடும் தொழிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கடுக்காயின் துவர்ப்புச் சத்தான டானின் தோலின் கொலாஜனைப் பிடித்து இறுக்கும். சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தார் கடுக்காய் சேர்ந்த திரிபலாவை ஏற்றிய கொலாஜன் பஞ்சு ஒன்றைச் செய்து, எலிகளின் கிருமி தொற்றிய காயங்களில் வைத்துச் சோதித்தார்கள். நல்ல யோசனை; டானின் கிருமியையும் அடக்கும், பஞ்சையும் உறுதியாக்கும். ஆனால் எது பாலிமரை இறுகப் பிடிக்கிறதோ, அது எளிதில் வெளியே வராது. ஏற்றிய மருந்தில் எவ்வளவு வெளியே வந்தது என்ற கணக்கைக் கேட்காமல் ஏற்றிய அளவை மட்டும் உறையில் அச்சிடுவதில் பொருளில்லை. இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு: கரையும் சத்துகள் முதல் சில மணி நேரத்திலேயே மொத்தமாக வெளியே கொட்டிவிடும், அதன்பின் இரண்டு நாளும் புண்ணின் மேல் இருப்பது வெறும் ஜெல்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த முரண் அது. மூலிகைகளின் பெருமையாகச் சொல்லப்படுவது ஆன்டிஆக்சிடன்ட் குணம், அதாவது ஃப்ரீ ராடிக்கல் எனப்படும், எதனோடும் பாய்ந்து வினைபுரியும் கட்டற்ற மூலக்கூறுகளை மடக்கிப்போடும் திறன். ட்ராம்பே முறையில் ஜெல் பிணைவதோ, கதிர் உண்டாக்கும் அதே கட்டற்ற மூலக்கூறுகளால்தான். மூலிகைச் சாற்றைக் கலந்துவிட்டுக் கதிர் பாய்ச்சினால், சாறு அவற்றை மடக்கிவிடும்; ஜெல் சரியாக உறையாமல் தொளதொளவென்று நிற்கும், சாறும் பாதிப்படையும். கதிர் இல்லாமல் செய்தாலோ கிருமி நீக்கம் பெரும்பாடு. செடி மண்ணில் வளர்வது. அதோடு பாக்டீரியா வித்துகள் ஒட்டிக்கொண்டு வரும். சாதாரணக் கொதிநிலைக்கு அவை சாவதில்லை. திறந்த புண்ணில் வைக்கும் பொருளில் ஒரு வித்துகூட இருக்கக் கூடாது.

மூலிகை ஜெல் பற்றி வெளியாகும் ஆய்வுக் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. எலியின் முதுகில் வட்டமாகத் தோலை வெட்டுவார்கள், ஒரு கூட்டத்துக்கு மூலிகை ஜெல், இன்னொரு கூட்டத்துக்குக் காஸ் துணி, இரண்டு வாரத்தில் மூலிகை ஜெல் போட்ட காயம் மூடிவிடும், முடிவுரையில் வெற்றி. இதில் இரண்டு ஓட்டைகள். முதலாவது, எலித் தோலுக்கு அடியில் மெல்லிய தசைப் படலம் உண்டு. அது காயத்தைச் சுருக்கி இழுத்து மூடிவிடும். மனிதத் தோலில் பெரும்பகுதியில் அது கிடையாது. நமக்குப் புதுத்தோல் வளர்ந்துதான் மூட வேண்டும். கவனமான ஆய்வாளர்கள் எலிக் காயத்தைச் சுற்றி வளையம் தைத்துச் சுருங்காமல் தடுக்கிறார்கள். அந்த வளையம் இல்லாத கட்டுரையை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பேன். இரண்டாவது ஓட்டை இன்னும் பெரிது. மூலிகை ஜெல்லைக் காஸ் துணியோடு ஒப்பிட்டால் ஜெயிப்பது மூலிகையா, ஜெல்லா? மூலிகை ஏற்றாத அதே ஜெல்லைப் போட்ட மூன்றாவது கூட்டம் இருக்க வேண்டும். அது இல்லாத ஆய்வு, விண்டர் பாலித்தீன் கொண்டு 1962-லேயே காட்டியதை மூலிகையின் பெயரில் மறுபடியும் காட்டுகிறது.

மஞ்சள் காப்புரிமைக் கதையை இங்கே யாராவது நினைவூட்டுவார்கள். மஞ்சள் காயம் ஆற்றும் என்று 1995-இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுவான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து வாதாடி, 1997-இல் அது ரத்தானது. நமக்குப் பெருமைதான். ஆனால் அங்கே நிலைநாட்டப்பட்டது அது புதிய கண்டுபிடிப்பல்ல என்பது மட்டுமே. எவ்வளவு மஞ்சள், எந்தப் புண்ணுக்கு, எத்தனை நாள் என்று அந்த வழக்கு எதையும் சொல்லவில்லை.

கற்றாழைக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. 1991-இல் அமெரிக்காவில் அறுவை சிகிச்சைக் காயம் சரியாக மூடாத 21 பெண்களிடம் நடந்த சிறு ஆய்வில், கற்றாழை ஜெல் பூசிய காயங்கள் ஆற சராசரி 83 நாள் ஆனது. வழக்கமான முறையில் 53 நாள். ஒரே ஒரு சிறு ஆய்வை வைத்துக் கற்றாழையைத் தள்ளிவிட முடியாது. மேலோட்டமான தீக்காயத்தில் சாதகமாகச் சொன்ன ஆய்வுகளும் உண்டு. ஆனால் "நல்லது செய்யாவிட்டாலும் கெடுதல் செய்யாது" என்ற வாதம் அங்கே உடைகிறது. வீட்டுக் கற்றாழையில் இன்னும் ஒரு விஷயம்: மடலை வெட்டியதும் தோலுக்கு அடியிலிருந்து வடியும் மஞ்சள் பாலில் அலோயின் இருக்கிறது, அது எரிச்சலூட்டும். வெயிலில் சிவந்த, உடையாத தோலுக்கு, பாலை வடியவிட்டுக் கழுவி வழித்த சோற்றைப் பூசுங்கள், ஆட்சேபமில்லை. உடைந்த தோலுக்கு வேண்டாம். தொட்டி மண்ணும் கத்தியும் கிருமி நீக்கம் செய்தவை அல்ல.

இவ்வளவு குறை சொன்னவன் மூலிகைக்கு எதிரி என்று நினைத்துவிடக் கூடாது. மிக நன்றாக நடத்தப்பட்ட ஒரு சோதனையில் இருந்தவை நம் வீட்டு முற்றத்துச் செடிகள்தான்: கற்பூரவல்லியும் வல்லாரையும். தைவானில் இவற்றின் சாற்றைச் செறிவூட்டித் தரப்படுத்தி, ஓ.என்.101 என்ற பெயரில் ஒரு கிரீம் செய்தார்கள். 236 சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணில் தைவான், சீனா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் சோதித்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். பதினாறு வாரத்துக்குள் முழுதாக ஆறியவர்கள் கிரீம் போட்டவர்களில் 60.7 சதவீதம், மற்றவர்களில் 35.1 சதவீதம். இங்கே கவனிக்க வேண்டியது அந்த "மற்றவர்கள்". அவர்களுக்கு வெறும் காஸ் போடவில்லை. கசிவு பட்டதும் தானே ஜெல்லாகிவிடும் உயர்ந்த ரக நார் டிரெஸ்ஸிங் போட்டார்கள். ஈரம் காக்கும் நல்ல டிரெஸ்ஸிங்கோடு மோதி ஜெயித்ததால்தான் அதை மதிக்கிறேன். நாள்பட்ட புண்ணில் அழற்சியிலேயே சிக்கிக்கொண்டிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்களை, சீர்செய்யும் நிலைக்குத் திருப்புவதே இதன் செயல்முறை என்று விளக்குகிறார்கள். சோதனைக்குப் பணம் கொடுத்தது தயாரிப்பு நிறுவனம்தான் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதேபோல் பிர்ச் மரப்பட்டையிலிருந்து எடுத்த சாறு, தொட்டாலே தோல் உரியும் ஒரு பிறவி நோய்க்கு ஐரோப்பாவில் 2022-இலும் அமெரிக்காவில் 2023-இலும் அனுமதி பெற்றது. அது நீர் ஜெல் அல்ல, எண்ணெய் ஜெல்.

இதற்காகக் கற்பூரவல்லியைக் கசக்கிப் புண்ணில் வைத்துவிடாதீர்கள். சோதிக்கப்பட்டது தரப்படுத்திய சாறு; இலை அல்ல. வல்லாரையில் இருக்கும் சத்தின் அளவு மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம் மாறும். மாதுங்கா மார்க்கெட்டில் இன்று வாங்கும் கட்டும் அடுத்த மாதம் வாங்கும் கட்டும் ஒன்றல்ல.

இதே நேரத்தில், சர்க்கரை நோயாளிகளின் பாதம் பற்றிய சர்வதேசச் செயற்குழு 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், புண்ணை ஆற்றுவதற்காக மட்டும் மூலிகை ஏற்றிய டிரெஸ்ஸிங்குகளைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. ஓ.என்.101-க்குப் பிறகும் அப்படிச் சொல்லக் காரணம், மற்ற மூலிகைப் பொருட்களின் சான்று மொத்தமாகப் பார்க்கையில் பலவீனமாக இருப்பதுதான். என் கருத்தும் அதுவே: பெயர் சொல்லி, அளவு சொல்லி, மனிதர்களிடம் நிரூபித்த தயாரிப்பு வேறு, "மூலிகை" என்ற பொதுப்பெயரின் நிழலில் ஒதுங்கும் தயாரிப்பு வேறு.

கடையில் உறையைத் திருப்பிப் பாருங்கள். இந்தியாவில் வெறும் ஹைட்ரோஜெல் டிரெஸ்ஸிங், 2017-ஆம் ஆண்டு மருத்துவச் சாதன விதிகளின் கீழ் வரும். ஆயுர்வேத அல்லது சித்த மருந்தாக உரிமம் பெற்றது என்றால் அப்படிக் குறிப்பிட்டிருக்கும். அந்த வழியில் வருவதற்கு, அலோபதிப் புதுமருந்துபோல் பெரிய மருத்துவச் சோதனை நடத்திக் காட்ட வேண்டிய கட்டாயமில்லை. மூன்றாவதாக 2015-இல் கொண்டுவந்த ஃபைட்டோஃபார்மசூட்டிகல் பிரிவு இருக்கிறது: குறைந்தது நான்கு சத்துகளின் அளவு நிர்ணயிக்கப்பட்ட, தூய்மையாக்கிய சாறு, சோதனையும் கேட்கும். உறையில் கிருமி நீக்கம் செய்யப்பட்டது என்ற வாசகம், தொகுதி எண், காலாவதித் தேதி, மூலிகைச் சத்தின் அளவு ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். கிருமி நீக்க வாசகம் இல்லை என்றால், மற்றவை எவ்வளவு அழகாக அச்சிட்டிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "பக்கவிளைவே கிடையாது" என்பதும் உண்மையல்ல. மஞ்சளுக்கும் வல்லாரைக்கும்கூடத் தோல் ஒவ்வாமை வருபவர்கள் உண்டு. டிரெஸ்ஸிங்கின் அளவுக்குச் சதுரமாகத் தோல் சிவந்து அரித்தால் எடுத்துவிட வேண்டும்.

கைக்குச் செய்ய வேண்டியது. வெந்தவுடன் வளையலைக் கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். குழாயில் தண்ணீர் வராத நேரமாக இருந்தால் குடத்திலிருந்து மொண்டு ஊற்றிக்கொண்டே இருங்கள். பனிக்கட்டி, பற்பசை, மை எதுவும் வேண்டாம். உங்கள் வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது இட்லி மாவு. அதுவும் வேண்டாம், புளித்த மாவு நுண்ணுயிர்களின் கூடாரம். பிறகு மூலிகை இல்லாத சாதாரண ஜெல் தாளைக் காயத்தின் அளவுக்கு வெட்டி வைத்து, மேலே சுத்தமான துணிக்கட்டு. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். கசிவு அதிகம் என்றால் முன்னதாகவே. பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு தீக்காயச் சிகிச்சைகளை ஒப்பிட்டு 2013-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் ஹைட்ரோஜெல், வழக்கமான சிகிச்சையைவிட விரைவாக ஆற்றுவதாகத் தெரிந்தது. எல்லோரும் பூசும் வெள்ளை சில்வர் சல்ஃபாடயசின் கிரீம் பின்தங்கியது. காயம் உங்கள் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, முகத்திலோ மூட்டிலோ இருந்தாலோ, வெளுத்துத் தோல்வார்போல் உணர்ச்சியற்றுப் போயிருந்தாலோ சயான் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், பக்கத்தில்தான் இருக்கிறது.

மழைக்காலத்தில் ஒரு திருத்தம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக் காற்றே ஈரத்தில் ஊறியிருக்கும். ஜெல் தாள் காய்வதில்லை. அதன் விளிம்பு நல்ல தோலின்மேல் படர்ந்திருந்தால் அந்தத் தோல் ஊறி வெளுத்துவிடும். ஆகவே காயத்தைவிட மிகப் பெரிதாக வெட்டாதீர்கள், தினமும் விளிம்பைப் பாருங்கள். ஜெல் தாள் வெள்ளத் தண்ணீரைத் தடுக்காது. காலில் காயத்தோடு தேங்கிய நீரில் நடந்தால் எலிக்காய்ச்சல் அபாயம்; 2005 ஜூலை வெள்ளத்துக்குப் பிறகு இந்த நகரம் அதை அனுபவித்தது. அப்படி நடக்க நேர்ந்தால் மூன்று நாளுக்குள் மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை தேவையா என்று கேளுங்கள்.

மாமியாரின் குதிகால் வேறு கணக்கு. அங்கே புண் ஆறாததற்குக் காரணம் மேலே பூசுவதில் இல்லை. பெரும்பாலும் உள்ளே இரத்த ஓட்டக் குறைவு, உணர்ச்சி மங்கிய நரம்பு, நடக்கும்போது விழும் அழுத்தம், எலும்புவரை இறங்கிய தொற்று ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருக்கும். மருத்துவர் நைலான் இழையால் உணர்ச்சி பார்ப்பார், கணுக்காலில் இரத்த அழுத்தம் அளப்பார், தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுப்பார். இரத்த ஓட்டம் இல்லாமல் கறுத்துக் காய்ந்த தசை இருந்தால் அதன்மேல் ஜெல் வைப்பது ஆபத்து. காய்ந்து நிற்பதை ஈரமாக்கினால் கிருமி புகுந்துவிடும். கசிவு நிறைய இருந்தாலும் ஜெல் ஏற்றதல்ல. இதெல்லாம் பார்த்த பிறகு அவர் ஜெல் எழுதிக்கொடுத்தால் தாராளமாகப் போடுங்கள்.

ஊரிலிருந்து மத்தன் தைலம் வாங்கி வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஊமத்தை இலைச்சாறும் தேங்காய் எண்ணெயும் மயில்துத்தம் என்ற தாமிர உப்பும் சேர்ந்த சித்த மருந்து அது. ஆறாத புண்ணுக்குச் சித்த மருத்துவர்கள் கொடுப்பதுதான். அவர்கள் பார்த்துக் கொடுத்தால் அவர்கள் சொல்கிறபடி போடுங்கள். ஜெல் தாளின் அடியில் மட்டும் வேண்டாம். எண்ணெய் இருந்தால் ஜெல் புண்ணைத் தொடவே தொடாது. ஊமத்தையும் தாமிர உப்பும் கொண்ட மருந்தை மூடிய கட்டுக்குள் அடைத்து வைப்பதும் சரியல்ல.

அதுவரை அந்தக் காலில் அவர் எடை போட்டு நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாசலுக்குப் போகக்கூட வெறுங்காலோடு விட வேண்டாம். காய்ச்சல், துர்நாற்றம், சுற்றிலும் பரவும் சிவப்பு இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். சிகிச்சை தொடங்கியதும் வாரம் ஒருமுறை புண்ணுக்குப் பக்கத்தில் ஸ்கேல் ஒன்றை வைத்து, ஒரே வெளிச்சத்தில் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறையவில்லை என்றால், டிரெஸ்ஸிங்கின் பெயரை மாற்றிப் பயனில்லை; படங்களை மருத்துவரிடம் காட்டி, இரத்த ஓட்டத்தையும் தொற்றையும் மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள்.